பள்ளிக்கூடத்துக்கு வயசு எப்படிக் கணக்குப் பண்றது?

இந்தப் பதிவு கொஞ்சம் நீளம். ஒரு டீ போட்டு வச்சிக்கிட்டு பொறுமையா படிங்க.

நம்ம தோட்டத்துத் தமிழ்ப்பள்ளிக்கு ஆண்டு நிறைவு விழா எடுக்கணும்னு பேச்சு ஆரம்பிச்ச நாள்லேர்ந்து, கோயிலுக்கு வர்றவங்க எங்ககிட்ட ஒரே கேள்விதான் கேக்கறாங்க. “தோட்டத்தை வித்தாச்சு, லயத்தை இடிச்சாச்சு, ஜனங்க எல்லாம் ஈப்போ, புந்தோங்னு போயாச்சு. இப்ப யாருக்கு விழா?” நியாயமான கேள்விதான். ஆனா பிரசாத வரிசையில நின்னுக்கிட்டு இதுக்குப் பதில் சொல்லி முடியாது. அதான் உட்கார்ந்து எழுதறோம்.

எங்க சொந்தக்காரப் பிள்ளை ஒண்ணு ஈப்போவில் ஓர் அனைத்துலகப் பள்ளியில் படிக்குது. அந்தப் பள்ளியோட ஆண்டு நிறைவு விழாவுக்கு எங்களையும் கூப்பிட்டாங்க, போனோம். குறை சொல்ல ஒண்ணுமில்ல. பல நாட்டுக் கொடி, பல நாட்டுச் சாப்பாடு. சீனப் பிள்ளை, மலாய்ப் பிள்ளை, நம்ம பிள்ளை, வெளிநாட்டுப் பிள்ளை எல்லாம் ஒரே மேடையில் ஆடினாங்க. பெரிய திரையில் வருஷ வாரியா படம் காட்டினாங்க. இந்த வருஷம் மண்டபம் கட்டினோம், இந்த வருஷம் நீச்சல் குளம், இந்த வருஷம் இத்தனை பேர் வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் போனாங்கன்னு. எல்லாரும் கை தட்டினாங்க, நாங்களும் தட்டினோம்.

நம்ம பள்ளிக்கு இப்படி ஒரு படம் போட்டா என்னத்தைக் காட்டறது? நீச்சல் குளம்னா நமக்கு ஆறுதான். மண்டபம்னா அம்மன் கோயில் கொட்டகைதான். ஆனா யோசிச்சுப் பார்த்தா, காட்ட வேண்டியது நிறைய இருக்கு. அதை முதல்லேர்ந்து சொல்றோம்.

பல இனத்துப் பிள்ளைங்க ஒரே கூரைக்குக் கீழே படிக்கறது இந்த நாட்டுக்குப் புதுசு இல்ல. 1816ஆம் ஆண்டு பினாங்கில் பாதிரியார் ஹட்சிங்ஸ் முயற்சியில் பினாங்கு ஃப்ரீ ஸ்கூல் தொடங்கப்பட்டது. எந்த இனம், எந்த மதம் என்று பார்க்காமல் பிள்ளைகளைச் சேர்த்துக்கொள்வது அதன் நோக்கம். அங்கே நடந்த தமிழ் வகுப்பைத்தான் மலேசியத் தமிழ்க்கல்வியின் தொடக்கம் என்று சொல்கிறோம். அந்தக் கணக்கில்தான் 2016இல் நாடு முழுக்க 200 ஆண்டு நிறைவைக் கொண்டாடினோம். உங்களில் பலர் அப்போது சட்டை போட்டுக்கிட்டு ஊர்வலம் கூடப் போயிருப்பீங்க.

நம்ம பேராக்கின் கதை ரப்பரோடு சேர்ந்தது. 1877இல் கோலகங்சாரில் சர் ஹியூ லோ ரப்பர் கன்றுகளை நட்டார். அந்தக் காலத்து மரம் ஒன்று இன்னும் அங்கே நிற்கிறது. அந்தப் பக்கம் போனா பிள்ளைகளுக்குக் காட்டுங்க. பிறகு தோட்டங்கள் பெருகின. பால் மரம் வெட்ட நம்ம பாட்டன் பாட்டி கப்பலேறி வந்தாங்க. அவங்களோடு பிள்ளைகளும் வந்தன, இங்கேயும் பிறந்தன. பேராக்கையும் உள்ளடக்கிய மலாய் ஐக்கிய மாநிலங்களின் 1912ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேருக்கு மேல் இருக்கும் தோட்டத்தில் பள்ளி நடத்த வேண்டும் என்று முதலாளிகளுக்குச் சொன்னது.

சட்டம் சொன்னது பள்ளி என்று மட்டும்தான். எப்படிப்பட்ட பள்ளி என்பதைத் தோட்ட நிர்வாகம் பார்த்துக்கொண்டது. பல தோட்டங்களில் ஒரே அறை, ஒரே வாத்தியார். சில இடங்களில் கிராணியோ கங்காணியோ நேரம் கிடைத்தபோது பாடம் சொல்லிக் கொடுத்தார்கள். மரம் வெட்டறவங்க பிள்ளை மரம் வெட்டினா போதும் என்ற எண்ணம் அன்றைக்குப் பல துரைமார்களுக்கு இருந்தது.

அதைப் பள்ளியாக ஆக்கியது யாரு? நம்ம ஜனங்கதான். நாங்க கண்ணால பார்த்ததைச் சொல்றோம்.

நம்ம தோட்டத்துல பள்ளியும் கோயிலும் ஒரே திடலுக்கு ரெண்டு பக்கம். விடியக்காலையில பெரட்டுக்குப் போறதுக்கு முன்னாடி அம்மாமாருங்க கைப்பிள்ளைய ஆயா கொட்டகையில விடுவாங்க, பெரிய பிள்ளைங்க தானா பள்ளிக்கு நடந்து போவும். சம்பளத்துல கோயில் சந்தா பிடிப்பாங்க இல்லையா, அந்தக் காசுல திருவிழா போக மிச்சம் இருந்தா அது பள்ளிக்குப் போவும். வாங்கு உடைஞ்சா தோட்டத்துத் தச்சர் ஆணி அடிச்சுக் கொடுப்பாரு, கூலி வாங்க மாட்டாரு. மழைக் காலத்துல கூரை ஒழுகினா வகுப்பு கோயில் கொட்டகைக்கு மாறும். அம்மன் முன்னாடி உட்கார்ந்துதான் எங்களில் பாதிப்பேர் பெருக்கல் வாய்ப்பாடு படிச்சோம்.

வாத்தியாரும் சம்பளத்துக்கு மட்டும் வேலை பார்த்தவர் இல்ல. சாயங்காலம் அவர் வீட்டுத் திண்ணையில் ஊருக்குக் கடுதாசி எழுதித் தருவார். தமிழ் நேசன் வந்தா சத்தமாப் படிச்சுக் காட்டுவார், எழுதப் படிக்கத் தெரியாதவங்க சுத்தி உட்கார்ந்து கேட்பாங்க. திருவிழாவுக்கு நாடகம் போட்டுக் கொடுத்தவரும் அவரே. காப்பு கட்டின நாள்லேர்ந்து பள்ளிப் பிள்ளைங்கதான் தேவாரம் பாடணும், அது எழுதாத சட்டம்.

இது நம்ம தோட்டத்துக் கதை மட்டும் இல்ல. சுங்கை சிப்புட்டைப் பாருங்க. அங்கே பிறந்த துன் வீ. தி. சம்பந்தன் 1954இல் மகாத்மா காந்தி கலாசாலையை உருவாக்கினார். நேருவின் தங்கை விஜயலட்சுமி பண்டிட் வந்து திறந்து வைத்தார். அதற்குச் சில வருஷத்துக்குப் பிறகு வெள்ளைக்கார முதலாளிகள் தோட்டங்களைத் துண்டு போட்டு விற்க ஆரம்பித்தபோது, வேலையும் வீடும் ஒரே நாளில் போகும் நிலைமை தொழிலாளிகளுக்கு வந்தது. 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம் அமைந்தது. துன் சம்பந்தன் தோட்டம் தோட்டமாகப் போய், கொஞ்சம் கொஞ்சமாகப் பணம் சேர்த்து நாமே தோட்டம் வாங்கலாம் என்று பேசினார். மரம் வெட்டின காசில் பங்கு வாங்கியவர்கள் நம்ம பெற்றோர்கள். பள்ளியையும் அவங்க இதே மாதிரி காசு காசாகத்தான் காப்பாத்தினாங்க.

பிறகு நடந்தது உங்களுக்கே தெரியும். ரப்பர் போய் செம்பனை வந்தது. செம்பனைக்கு அவ்வளவு ஆள் தேவையில்லை. சில தோட்டங்கள் தாமான் ஆயின. ஜனங்க பட்டணத்துக்குப் போனாங்க. நாங்களும் எஸ்.பி.எம். முடிச்சிட்டு தொழிற்சாலைக்குத்தான் போனோம். இப்ப கையுறை தொழிற்சாலையில சூப்பர்வைசர் வேலை. அம்மா வெட்டினது ரப்பர் பால், நாங்க எண்ணறது ரப்பர் கையுறை. தமிழ்ப்பள்ளியில படிச்சிட்டு, இடைநிலைப் பள்ளிக்குப் போறதுக்கு முன்னாடி ஒரு வருஷம் புகுமுக வகுப்புல உட்கார்ந்து மலாய் படிச்ச தலைமுறை நாங்க. அந்த ஒரு வருஷத்தை நினைச்சு வெட்கப்பட்ட பிள்ளைங்களும் உண்டு. அந்த வகுப்பிலேர்ந்துதான் எங்க செட்டில் ஒரு நர்ஸ், ரெண்டு ஆசிரியர், ஒரு லாரி முதலாளி வந்திருக்காங்க.

சுதந்திரம் அடைந்தபோது நாட்டில் 888 தமிழ்ப்பள்ளிகள் இருந்ததாகச் சொல்வார்கள். இன்றைக்கு 500க்கு மேல்தான் இருக்கின்றன. அதில் 130க்கும் அதிகமானவை நம்ம பேராக்கில். ஒரு பள்ளியில் 150 பிள்ளைகளுக்குக் கீழே போனால் கல்வி அமைச்சு அதைக் குறைந்த மாணவர் பள்ளி என்று கணக்கில் வைக்கும். பேராக்கில் அப்படிப்பட்ட தமிழ்ப்பள்ளிகள் நிறைய உண்டு. நம்ம பள்ளியில் இன்றைக்கு முப்பது பிள்ளைகள் கூட இல்லை. கட்டடம் நல்லாத்தான் இருக்கு. கணினி இருக்கு. ஆசிரியர்கள் தங்கமானவங்க. ஒரு வகுப்புல நாலு பேர், இன்னொரு வகுப்புல ரெண்டு பேர்னு உட்கார்ந்திருக்கு. அதுல ஒரு நன்மையும் இருக்கு. ஒவ்வொரு பிள்ளைக்கும் என்ன வரும், என்ன வராதுன்னு டீச்சருக்குத் தெரியும். அந்தக் கவனிப்புக்குத்தான் வேற இடங்கள்ல ஆயிரக்கணக்கில் வெள்ளி கட்டறாங்க.

இப்ப விழா விஷயத்துக்கு வருவோம். போன மாசக் கூட்டத்துல ரெண்டு கருத்து வந்துச்சு. பள்ளி வாசல்ல பெரிய வளைவு ஒண்ணு கட்டி, நன்கொடையாளர் பேரெல்லாம் கல்வெட்டுல போடலாம்னு ஒரு பக்கம். அதே காசை வேன் வாடகைக்கு ஒதுக்கலாம்னு இன்னொரு பக்கம். ஏன்னா பிள்ளைங்க இருக்கறது பட்டணத்துத் தாமான்கள்ல, பள்ளி இருக்கறது தோட்டத்துல. ஒரு பிள்ளைக்கு மாசம் நூறு வெள்ளிக்குக் குறையாம வேன் காசு போவுது. மூணு பிள்ளை இருக்கற வீட்டுல அது அரிசி, மளிகைக் காசு. “தமிழ்ப்பள்ளிக்கு அனுப்பணும்னு ஆசைதான் அண்ணே, கட்டுப்படியாகல”ன்னு சொல்ற தாய்மாரை நாங்க நேரில் பார்த்திருக்கோம்.

பேச்சு கொஞ்சம் சூடாயிடுச்சு. வளைவு வேணும்னு சொன்னவங்க தப்பா ஒண்ணும் சொல்லல. அப்பா அம்மா பேரு அந்த வாசல்ல நிக்கணும்னு நினைக்கிறது பாசம்தானே. அப்ப பின்னாடி உட்கார்ந்திருந்த ஒரு பாட்டி எழுந்திரிச்சாங்க. முப்பது வருஷம் மரம் வெட்டினவங்க, பள்ளிக்கூடத்துப் பக்கம் மழைக்கு ஒதுங்கினதோட சரின்னு சிரிச்சுக்கிட்டே சொல்லுவாங்க. “ஏம்ப்பா, கோபுரத்துக்கு வர்ணம் அடிச்சிட்டு உள்ள விளக்கு ஏத்தாம விட்டா சாமி இருக்குமா?”ன்னு ஒரு வார்த்தை கேட்டாங்க. அதுக்கு மேல யாரும் பேசல. வளைவு கேட்ட அண்ணன்தான் முதல் ஆளா வேனுக்கு ஐநூறு வெள்ளி எழுதினாரு.

அதனால பக்தர்களே, பள்ளிக்கு வயசு எத்தனைன்னு கேட்டா, சுவத்துல எழுதியிருக்கற வருஷத்தை மட்டும் கழிச்சுப் பார்க்காதீங்க. எத்தனை தலைமுறை உள்ளே போய் வெளியே வந்துச்சுன்னு பாருங்க. அடுத்த வருஷம் முதலாம் ஆண்டுல எத்தனை பேர் உட்காரப் போறாங்கன்னும் பாருங்க. முதலாம் ஆண்டுல ஒரு பிள்ளை கூட இல்லாத பள்ளிக்கு நூறாவது விழா எடுத்தாலும் அது திதி கொடுக்கற மாதிரிதான். ரெண்டே பேர் புதுசா சேர்ந்தாலும் அது பிறந்தநாள்.

அனைத்துலகப் பள்ளியில படிக்கற நம்ம பிள்ளையும் நல்லா இருக்கட்டும். வசதி உள்ளவங்க அனுப்பறாங்க, அதுல பேதம் பார்க்க வேண்டாம். அந்தப் பிள்ளையோட பெற்றோரே நம்ம வேன் நிதிக்குக் கொடுத்திருக்காங்க. ஏன்னா அந்தத் தாத்தா படிச்சது நம்ம பள்ளியில.

கோயில் சார்பா நாங்க செய்யறது இதுதான்:

வர்ற வெள்ளிக்கிழமைகள்ல பூஜை முடிஞ்சதும் கோயில் மண்டபத்துல ஒரு மேசை போடறோம். முதலாம் ஆண்டுப் பதிவு இப்ப இணையம் வழியாத்தான். கைபேசியில செய்யத் தெரியாத தாத்தா பாட்டி, வேலைக்குப் போற தாய்மார் யாரா இருந்தாலும் வாங்க, நம்ம இளைஞர்கள் பக்கத்துல உட்கார்ந்து செஞ்சு தருவாங்க. பிள்ளையோட பிறப்புப் பத்திரம், மைகிட் அட்டை, வீட்டு முகவரிக்கு ஒரு பில் எடுத்துக்கிட்டு வாங்க.

வேன் நிதிக்குக் கொடுக்க நினைக்கறவங்க கோயில் அலுவலகத்துல ரசீது வாங்கிக்கிட்டுக் கொடுங்க. ரசீது இல்லாம யார்கிட்டயும் கொடுக்காதீங்க. எத்தனை வெள்ளி வந்துச்சு, எத்தனை பிள்ளைக்குப் போச்சுன்னு மாசா மாசம் அறிவிப்புப் பலகையில ஒட்டுவோம். பத்து வெள்ளியும் பெரிசுதான்.

பழைய படம், பழைய ரிப்போர்ட் புக், வாத்தியாரோட எடுத்த வகுப்புப் படம் எது இருந்தாலும் கொண்டாங்க. நகல் எடுத்துட்டு அன்னைக்கே திருப்பிக் கொடுத்துடுவோம். விழா அன்னைக்குத் திரை நாமும் கட்டுவோம். அதுல தச்சர் வருவாரு, ஆயாம்மா வருவாங்க, கடுதாசி எழுதின வாத்தியார் வருவாரு. கடைசிப் படமா இந்த வருஷம் சேர்ந்த பிள்ளைங்க வரணும். அந்தப் படத்துல எத்தனை முகம் இருக்கும்கிறது இதைப் படிக்கற உங்க கையிலதான் இருக்கு.

பேரப்பிள்ளை இருக்கற வீட்டுக்கெல்லாம் இதை அனுப்பி வைங்க. அம்மன் துணை.