யந்திரத்தின் விக்கல்

மோட்டார் வண்டி நோயுற்றால், காரணம் தேடுவோரினும் பரிகாரம் தேடுவோரே நம்மவரில் மிகுதி. யந்திரம் சீராக ஓடாது விக்கி விக்கி ஓடுகிறதென்று வைத்துக்கொள்வோம். பட்டறைகளில் இதனை ‘மிஸ்ஸிங்’ என்பர். ஒருவர், கண்ணேறு பட்டுவிட்டது, சக்கரத்தின் கீழ் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்குங்கள் என்பார். மற்றொருவர், வேறு நிலையத்தில் பெட்ரோல் போடுங்கள் என்பார். மூன்றாமவரோ பட்டறைக்காரர், அவர் நீண்டதொரு பட்டியலை எழுதி, இவை அனைத்தையும் மாற்றினால் சரியாகிவிடும் என்பார். எலுமிச்சம்பழத்தைக் கண்டு நகைக்கும் நேயர்களே பட்டியலைக் கண்டதும் பணத்தை எண்ணிக் கொடுப்பதை நாம் பன்முறை பார்த்திருக்கிறோம். காரணத்தை ஆராயாது பரிகாரம் கூறுவதில் இவ்விருவரும் ஒருவருக்கொருவர் இளைத்தவரல்லர்.

விக்கலென்பது யாது? நான்கு சிலிண்டர் யந்திரத்தில், தண்டு இருமுறை சுழலுங்கால் ஒவ்வொரு சிலிண்டரும் ஒருமுறை தீப்பற்றவேண்டும். நின்ற இடத்தில் நிமிடத்திற்கு 800 சுற்று ஓடும் யந்திரமாயின், சிலிண்டர் ஒன்றுக்கு 400 தடவை. இவற்றுள் சில தவறினால் வண்டி நடுங்கும். ஒரு சிலிண்டர் முற்றிலும் அவிந்துவிட்டாலோ, நால்வர் சுமக்கவேண்டிய பாரத்தை மூவர் சுமக்கும் கதையாம்.

தீப்பற்றுவதற்கு வேண்டுவன மூன்றே. பெட்ரோலும் காற்றும் தக்க அளவில் கலக்கவேண்டும். எடையில் 1 பங்கு பெட்ரோலுக்கு ஏறத்தாழ 14.7 பங்கு காற்று. அக்கலவை நன்கு அழுத்தப்படவேண்டும். உரிய வேளையில் பொறி எழவேண்டும். பாட்டரியின் 12 வோல்ட்டை இக்னிஷன் காயில் பல்லாயிரம் வோல்ட்டாக உயர்த்த, அம்மின்சாரம் ஸ்பார்க் பிளக்கின் முனையிலுள்ள ஏறக்குறைய 1 மில்லிமீட்டர் இடைவெளியைத் தாவுகிறது, அதுவே பொறி. ஆயின் மின்சாரம் எளிய வழியையே நாடும். காயிலின் ரப்பர் உறையில் வெடிப்பிருந்தால், பிளக்கின் முனையைத் தாவாது அவ்வெடிப்பின் வழியே பக்கத்து இரும்புக்கு ஓடிவிடும். மழையின் ஈரம் அதற்குத் துணை. மேட்டில் ஏறும்போதும் சுமையோடு விரையும்போதும் சிலிண்டருள் அழுத்தம் மிகுவதால், அவ்விடைவெளியைத் தாவுவது மேலும் கடினமாகிறது. வீட்டு வாசலில் நன்றாக நின்ற வண்டி, பெருஞ்சாலையில் விக்குவதன் மர்மம் இதுவே. இதிற் பேயுமில்லை, பிசாசுமில்லை.

முற்காலத்து மெக்கானிக்குகள், ஓடும் யந்திரத்தில் பிளக் கம்பிகளை ஒவ்வொன்றாகக் கழற்றிக் காதைக் கொடுத்துக் கேட்பர். எதைக் கழற்றியும் ஓசை மாறவில்லையோ, அதுவே செத்த சிலிண்டர். அழகான உபாயமே. எனினும் இக்காலத்து வண்டிகளில் அதனைச் செய்தல் கையையும் சுடும், கருவியையும் கெடுக்கும்.

2023ஆம் ஆண்டு நவம்பர் மழையில் எமது வண்டிக்கு இவ்விக்கல் வந்தது. எம் தமக்கையாருக்குச் சிறுநீரகம் பழுதாகி, வாரம் மும்முறை சுங்கை சிப்புட்டிலிருந்து 30 கிலோமீட்டர் சென்று ஈப்போவில் டயாலிசிஸ் செய்துகொள்ளவேண்டிய நிலை. ஒருமுறை தவறினாலும் உடலில் நீர் கோத்து மூச்சு முட்டும். அன்று வழியில் யந்திர விளக்கு மினுக்கத் தொடங்கிற்று. அவ்விளக்கு நிலையாக எரிந்தால் விரைவிற் பார்க்கவேண்டுமென்பது பொருள்; மினுக்கினாலோ பற்றாத பெட்ரோல் புகைக்குழாயினுட் சென்று எரிகிறது, கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் உருகக்கூடும் என்று எச்சரிக்கிறது. வேகத்தைத் தணித்தோம், மினுக்கல் நின்றது. மெல்லப் போய்ச் சேர்ந்தோம். அடுத்த முறைக்கு நடுவில் இருந்தது ஒரே நாள்.

முதற் பட்டறையில் நான்கு காயில், நான்கு பிளக், நான்கு இன்ஜெக்டர், பெட்ரோல் பம்ப் என எழுதி 1,900 ரிங்கிட் என்றனர். இவற்றுள் எது பழுது என்று வினவினோம். “எல்லாம் பழசு” என்று விடை வந்தது. பட்டியலை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு வெளியேறினோம். வண்டிக்குரியவர் இவ்வாறு கேட்பதை இழிவென்று கருதுவோர் உளர், எமக்கு அக்கருத்தில்லை.

இரண்டாம் பட்டறையின் ‘போமன்’ ஓர் இளைஞர். சுக்கானின் கீழுள்ள துளையில் சிறு கருவியொன்றைச் செருகினார். ‘பி0302’ என்று காட்டிற்று. இறுதி எண் சிலிண்டரின் எண். அப்படியானால் இரண்டாம் சிலிண்டரின் காயிலை மாற்றிவிடலாமே என்றோம்.

“இது இடத்தைத்தான் சொல்கிறது ஐயா, காரணத்தைச் சொல்லவில்லை” என்றார் அவர்.

பின்பு அவர் செய்ததற்கு ஒரு காசும் செலவில்லை. இரண்டாம் காயிலை நான்காம் சிலிண்டரிலும், நான்காம் காயிலை இரண்டாவதிலும் பொருத்தினார், வேறெதனையும் தொடவில்லை. குறியை அழித்துவிட்டு எம்மையும் ஏற்றிக்கொண்டு ஓட்டினார். திரும்புமுன் மீண்டும் விக்கிற்று. இப்போது கருவி காட்டியது ‘பி0304’. பழுது காயிலோடு குடிபெயர்ந்துவிட்டது! இரண்டிலேயே நின்றிருக்குமாயின் அடுத்துப் பிளக்கை இடம் மாற்றுவேன், பின்பு இன்ஜெக்டரை, கடைசியில் அழுத்தத்தை அளப்பேன் என்றார். ஒரு வேளையில் ஒன்றையே மாற்றவேண்டும். இரண்டை மாற்றினால் எது காரணமென்று பிரம்மதேவனும் சொல்லமாட்டான்.

ஆயினும் அவர் அத்துடன் விடவில்லை. காயில் இருந்த குழியில் விளக்கடித்துக் காட்டினார், அடியில் எண்ணெய். மேல்மூடியின் ரப்பர் கேஸ்கெட் இறுகிப்போய், கசிந்த எண்ணெய் காயிலின் உறையை ஊறவைத்து வெடிக்கச் செய்திருந்தது. கேஸ்கெட்டை விட்டுவிட்டுக் காயிலை மட்டும் மாற்றினால் புதியதும் இக்கதியே அடையுமாம். காயில் 130, கேஸ்கெட் 45, கூலி 60. ஆக 235 ரிங்கிட். பழைய காயிலை எம் கையிற் கொடுத்தார். உறையில் மயிரிழை போன்ற வெடிப்பும், மின்சாரம் ஓடிய வெண்தடமும் தெரிந்தன. மறுநாட் காலை மழை விடவில்லை. தமக்கையார் குறித்த நேரத்திற்குள் ஈப்போ சேர்ந்தார்.

1,000 கிலோமீட்டர் ஓடியபின் குழியை மறுபடி பார்க்கவேண்டுமென்று அவ்விளைஞர் சொல்லியிருந்தார். நாமே காயிலைக் கழற்றி விளக்கடித்துப் பார்த்தோம். குழி உலர்ந்திருந்தது.