முள்ளும் மசாலா பாக்கெட்டும்

திங்கள்

சாத்தாங்காடு இரும்பு மார்க்கெட் பக்கம் டிரெய்லர் லாரிகள் மறித்து நின்றதில் பஸ் நகரவே இல்லை. வீடு வந்தபோது மணி ஒன்பது. சோறும் குழம்பும் இருந்தும் நூடுல்ஸ் பாக்கெட்டைப் பிரித்தேன். "இன்னாடா, கொழம்பு உன்ன கடிச்சிருமா?" என்றாள் அம்மா. சோற்றைச் சுட வைத்திருந்தாலும் அதே நேரம்தான் ஆகியிருக்கும். நாக்கு கேட்டது, அவ்வளவுதான்.

நூடுல்ஸின் வேகம் ஆலையிலேயே முடிந்துவிட்ட வேலை. அவித்த மாவிழையை எண்ணெயில் பொரித்து ஈரத்தை விரட்டிவிடுகிறார்கள். ஈரம் போன நுண்துளைகளில் வெந்நீர் சட்டென்று ஏறிக்கொள்கிறது. 1958இல் ஜப்பானில் மோமோஃபுகு ஆண்டோ விற்பனைக்குக் கொண்டுவந்த உத்தி.

செவ்வாய்

பாக்கெட்டின் பின்பக்கத்தைப் படித்தேன். 412 என்று ஓர் எண். தேடினால், கொத்தவரை விதைப் பிசின்! பிஸ்கட் உறையில் 500(ii). அது ஆப்பசோடா. எண்ணைப் பார்த்தே விஷம் என்று அலறுகிறவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டும். ஆனால் ருசியைத் தூக்கிக் காட்டும் 635 எங்கள் அஞ்சறைப் பெட்டியில் கிடையாது. பிரேசிலின் கார்லோஸ் மொன்டெய்ரோ 2009இல் உணவுகளை வகை பிரிக்கத் தொடங்கியபோது கோடு கிழித்தது ஏறக்குறைய இங்கேதான்: வீட்டுச் சமையலில் புழங்காத பொருட்களைச் சேர்த்து ஆலையில் உருவாக்கினால் அது அதீதமாகப் பதப்படுத்திய உணவு.

வியாழன்

கத்திரிக்காய் போட்ட கருவாட்டுக் குழம்பு. தொட்டுக்க அப்பளம், ஊறுகாய். உலக சுகாதார நிறுவனம் ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் கீழே உப்பு என்கிறது. ஒரு டீஸ்பூன்கூடத் தாண்டக் கூடாது. கருவாட்டை அம்மா வெந்நீரில் அலசித்தான் போடுகிறாள். அப்படியும் என் தட்டு அந்தக் கணக்குக்குள் அடங்கியிருக்கும் என்று நம்பவில்லை. பாக்கெட்டிலாவது சோடியம் எவ்வளவு என்று அச்சடிக்கிறார்கள். வீட்டுச் சட்டியில் யார் அச்சடிப்பது? உப்பை வைத்து வீட்டுச் சாப்பாட்டுக்குக் கொடி பிடிக்க நான் வரவில்லை.

வெள்ளி

வேறு எதை வைத்துப் பிடிப்பது? 2019இல் கெவின் ஹால் குழு அமெரிக்காவில் வெளியிட்ட ஆய்வு ஒன்று கிடைத்தது. 20 பேரை ஆய்வகத்திலேயே தங்கவைத்து, இரண்டு வாரம் அதீதமாகப் பதப்படுத்திய உணவு, இரண்டு வாரம் அப்படிப் பதப்படுத்தாத உணவு. பரிமாறியதில் கலோரி, சர்க்கரை, கொழுப்பு, உப்பு, நார்ச்சத்து எல்லாம் இரண்டிலும் ஏறக்குறைய சமம். வேண்டிய மட்டும் சாப்பிடலாம். ஆலை உணவின்போது நாளொன்றுக்குச் சுமார் 500 கலோரி கூடுதலாக உள்ளே போயிருக்கிறது. எடையும் சராசரியாக 0.9 கிலோ ஏறியிருக்கிறது. காரணம் இதுதான் என்று ஒன்றை மட்டும் அவர்கள் அடித்துச் சொல்லவில்லை. ஆனால் ஒன்று கண்ணில் பட்டது: அந்த உணவை எல்லோரும் வேகமாகத் தின்றிருக்கிறார்கள்.

எனக்கு உடனே முள் ஞாபகம் வந்தது. கானாங்கெளுத்திக் குழம்பை அவசரமாகச் சாப்பிட முடியுமா? விரல் தடவிப் பார்த்துத்தான் ஒவ்வொரு கவளமும் வாய்க்குப் போகும். அதற்குள் வயிறு 'போதும்' என்று சொல்லிவிடுகிறது. நூடுல்ஸோ வழுக்கிக்கொண்டு இறங்கிவிடும். இரண்டாவது பாக்கெட்டைப் பிரித்த பிறகுதான் வயிற்றுக்குத் தகவலே போகும். வீட்டுச் சாப்பாட்டை அன்பு, கைமணம் என்று புகழ்கிறவர்கள் முள்ளுக்கும் ஒரு வார்த்தை சொல்லலாம்.

சனி

மதியம் மாநகராட்சியின் அம்மா உணவகத்தில் சாம்பார் சாதம். 2013இல் வந்த திட்டம். சமைப்பவர்கள் மகளிர் சுயஉதவிக் குழுப் பெண்கள். பாக்கெட்டும் இல்லை, வீடும் இல்லை. ஆனாலும் அடுப்படியில் நிற்பது இங்கும் பெண்கள்தான்.

ஞாயிறு

காசிமேட்டிலிருந்து நெத்திலி வந்தது. முள் பற்றிய என் கண்டுபிடிப்பை அம்மாவிடம் விளக்கினேன். "அப்ப உக்காந்து நீயே கிள்ளு" என்று கூடையை முன்னால் தள்ளிவிட்டாள். தலையைக் கிள்ளி இழுத்தால் குடலும் கூடவே வரவேண்டும்; எனக்குப் பாதி வந்தது, பாதி உள்ளேயே நின்றது. முதுகு பிடித்துக்கொண்டது. கடைசியில் வறுத்துப் போட்டாள். நெத்திலி வறுத்தால் முள்ளோடு மெல்லலாம். தட்டு காலியானதே தெரியவில்லை. என் முள் சித்தாந்தத்தில் ஓர் ஓட்டை, அம்மாவிடம் சொல்லவில்லை.