பனி விழாத ஊரிலிருந்து ஒரு பனிப்புயலைப் பார்த்தோம்

பனிப்புயலுக்கும் ரசிகர் கூட்டம் இருக்கிறது என்று சொன்னால் எங்கள் ஊரில் சிரிக்கிறார்கள். கிரிக்கெட்டுக்கு இருக்கிற மாதிரியே இருக்கிறது. குளிர்காலம் வந்தால் அமெரிக்காவிலும் கனடாவிலும் ஆயிரக்கணக்கானவர்கள் ராத்தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டு, அடுத்த பத்து நாளுக்கு வானிலை மாதிரிகள் என்ன காட்டுகின்றன என்று பார்த்துக்கொண்டிருப்பார்கள். படித்த வானிலையாளர்கள் அதில் கொஞ்சம்தான். மற்றதெல்லாம் லொறிச் சாரதி, கடைக்காரர், எங்களைப் போல வாத்திமார். தங்களைத் தாங்களே 'வீனி' என்று கேலியாகச் சொல்லிக்கொள்வார்கள். வரைபடத்தில் தங்கள் வீட்டுக்கு மேலே ஊதா நிறம் வந்தால் பெருநாள், போனால் மையித்து வீடு.

எங்கள் ஆசிரியர் ஓய்வறையில் இந்த வியாதி மூன்று பேருக்கு இருக்கிறது. புவியியல் ஒருவர், விஞ்ஞானம் ஒருவர், கணிதம் ஒருவர். எங்களில் யாரும் பனி பெய்து கண்டதில்லை. மாணவர் சுற்றுலா போன ஒரு ஜனவரியில் நுவரெலியாவில் விடியற்காலை புல்லின் மேல் சீனி தூவினது போலக் கிடந்த உறைபனியைத் தொட்டுப் பார்த்தோம், அவ்வளவுதான். தேயிலைத் தோட்டத்து ஆட்களுக்கு அது அழகில்லை, கொழுந்தைக் கருக்கிவிடும் சாமான்.

உயர்தர வகுப்பில் வளித்திணிவு, முகப்பு என்று படிப்பிக்கும்போது பிள்ளைகள் சுவரைப் பார்ப்பார்கள். பாடப் புத்தகத்தின் கோடுகள் அசையாது. அப்படியானால் அசைகிற ஒன்றைக் காட்டுவோம் என்றுதான் தொடங்கினோம்.

நேரக் கணக்கில் எங்களுக்கு ஒரு அதிர்ஷ்டம். அமெரிக்காவின் ஜீ.எஃப்.எஸ். மாதிரி நாளுக்கு நான்கு தரம் ஓடும். கிரீன்விச் நேரம் நள்ளிரவுக்குத் தொடங்கும் ஓட்டத்தின் படங்கள் எங்களுக்குக் காலை 9 மணி போல வரத் தொடங்கி, 10.30க்கு, அதாவது இடைவேளை மணி அடிக்கும்போது, முழுதாக வந்திருக்கும். ஐரோப்பிய நிலையத்தின் மாதிரி நண்பகலுக்குச் சற்று முன்பிருந்து வரும். வெள்ளிக்கிழமை என்றால் ஜும்ஆவுக்குப் போகிற அவசரத்தில் ஒரு கண் அதில் இருக்கும். நியூயோர்க்கில் இருக்கிறவன் இதே படத்தைப் பார்க்க இரவு 1 மணி வரை விழித்திருக்க வேண்டும். நாங்கள் தேத்தண்ணியோடு பார்க்கிறோம்.

பார்க்கப் பழகினால், பனி எவ்வளவு என்பதைவிட என்ன விழப்போகிறது என்பதுதான் பெரிய கேள்வி என்று விளங்கும். மேகத்திலிருந்து புறப்படுவது பெரும்பாலும் பனித்துகள்தான். வழி முழுக்கக் குளிராக இருந்தால் பனியாகவே இறங்கும். இடையில் ஒரு சூடான காற்றுப் படை குறுக்கிட்டால் உருகி நீராகிவிடும். அதற்குக் கீழே மறுபடியும் தடித்த குளிர்ப்படை இருந்தால் வழியிலேயே உறைந்து ஐஸ் மணியாக விழும். கீழேயுள்ள குளிர்ப்படை மெல்லியதாக இருந்தால்தான் ஆபத்து. துளிக்கு உறைய நேரம் கிடைக்காது. பூச்சியத்துக்குக் கீழே குளிர்ந்த நீராகவே வந்து, எதில் படுகிறதோ அதில் அந்தக் கணமே கண்ணாடியாகப் பிடித்துக்கொள்ளும். கம்பி, மரக்கிளை, றோட்டு, படிக்கட்டு எல்லாவற்றிலும். இதுதான் உறைமழை. சில நூறு மீற்றர் தடிப்புள்ள ஒரு காற்றுப் படை ஒன்றிரண்டு பாகை கூடிக் குறைவதில், பிள்ளைகள் பனிமனிதன் செய்கிற நாளா, மின்கம்பம் சரிகிற நாளா என்பது முடிவாகிவிடுகிறது.

1998 ஜனவரியில் கனடாவின் கியூபெக்கில் நடந்ததைப் பிள்ளைகளுக்கு எப்போதும் சொல்வோம். ஜனவரி 5இலிருந்து ஐந்தாறு நாள் விட்டுவிட்டு உறைமழை. மொன்றியலுக்குத் தெற்கே சில இடங்களில் மொத்தம் 100 மி.மீ.க்கு மேல். எங்களுக்கு 100 மி.மீ. ஒரு மாரி நாள், வாய்க்கால் நிரம்பும், மறுநாள் வடியும். அங்கே அது வடியவில்லை. விழுந்த இடத்திலேயே பாரமாக ஏறிக்கொண்டது. ஆயிரம் அளவில் உருக்குக் கோபுரங்கள் கடதாசி போல மடிந்தன. பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகளில் விளக்கில்லை. சில ஊர்களுக்கு ஒரு மாதம் கடந்துதான் மின்சாரம் வந்தது. சுமார் 16,000 படையினரை இறக்கினார்கள். கோபுரங்கள் மடிந்து கிடக்கும் படத்தைக் காட்டினால் பின்வாங்குப் பொடியன்மாரும் எழும்பி முன்னுக்கு வருவார்கள்.

மாதிரிகள் பொய்யும் சொல்லும். 2015 ஜனவரி 26, 27இல் நியூயோர்க்குக்கு இரண்டு அடி, அதற்கும் மேல் என்று எதிர்வுகூறி, பனிக்காகச் சுரங்க ரயிலையே நிறுத்தினார்கள். சென்ட்ரல் பார்க்கில் அளந்தது 9.8 அங்குலம். கொஞ்சத் தூரம் கிழக்கே, லோங் ஐலண்டில், சொன்னபடி இரண்டு அடி விழுந்தது. புயல் வந்தது, கொஞ்சம் தள்ளி வந்தது. அன்று அமெரிக்க வானிலைச் சேவையின் ஓர் அலுவலகத்துத் தலைவர் கேரி ஷட்கோவ்ஸ்கி டுவிட்டரில் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டார். எங்களுக்கு அந்த மனிதர் மேல் பெரிய மரியாதை. நாங்கள் அறிந்த அதிகாரிகளில் மழை பிழைத்ததற்கு மன்னிப்புக் கேட்டவர் வேறு யாரும் ஞாபகத்துக்கு வரவில்லை.

இனி 2021 பெப்ரவரி.

அந்த ஜனவரி 5 அளவில் வட துருவத்துக்கு மேலே படைமண்டலம் திடீரெனச் சூடாகி, துருவச் சுழல் குலைந்தது. அப்படி நடந்தால் பின்வரும் வாரங்களில் ஆர்க்டிக் குளிர் தெற்கே வழுக்கி இறங்குவதுண்டு. எங்கே என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. பெப்ரவரி முதல் வாரம் முடியும்போது மாதிரிகள் ஒரே இடத்தைக் கைகாட்டத் தொடங்கின. டெக்சாஸ். முதலில் நாங்கள் நம்பவில்லை. ஆனால் ஓட்டத்துக்கு ஓட்டம் அது விலகவேயில்லை. ஜீ.எஃப்.எஸ்.உம் ஐரோப்பிய மாதிரியும் ஒத்துப்போனால், இடைவேளையில் எங்கள் குரல் தானாகக் கூடிவிடும்.

எங்களில் ஒருவரின் ராத்தா மகள் ஹியூஸ்டனில் இருக்கிறாள், புருஷனும் இரண்டு சின்னப் பிள்ளைகளும். மூன்று பேரையும் அவள் மாமா என்றே கூப்பிடுவாள். ஆறு நாளைக்கு முன்பே அவளுக்குச் சொன்னோம். "மாமா, இஞ்ச நல்ல வெயில், நீங்க ஐஸ் எண்டு சொல்றீங்க" என்று சிரிக்கிற முகத்தோடு பதில் வந்தது. விடவில்லை. தண்ணீர் பிடித்து வை, பெற்றி வாங்கு, போர்வை எடுத்து வை. விஞ்ஞானம் படிப்பிக்கிறவர் வேறொன்றுக்குத்தான் பயந்தார். "கரண்ட் போனா கரியடுப்பை வீட்டுக்குள்ள எடுக்கப்படாது. காரைக் கராஜுக்குள்ள ஸ்டார்ட் பண்ணப்படாது. காபனோரொட்சைட்டுக்கு மணமில்ல மகள், நித்திரையிலேயே போயிரும்" என்று குரல் பதிவு ஒன்றை மூன்று தரம் அனுப்பினார்.

டெக்சாஸின் 254 மாவட்டங்களுக்கும் ஒரே நேரத்தில் பனிப்புயல் எச்சரிக்கை விடுத்தார்கள். அப்படி முன்பு நடந்ததில்லை. 15ஆம் திகதி திங்கள், அங்கே அதிகாலை 1.30க்கும் 2 மணிக்கும் இடையில், மின் வலையமைப்பு சரியத் தொடங்கியது. இங்கே பகல் 1 மணி தாண்டி, கடைசிப் பாடம். எரிவாயுக் கிணறுகளும் குழாய்களும் உறைந்தன, மின் நிலையங்கள் ஒவ்வொன்றாக நின்றன. அமெரிக்காவில் மின்சாரம் 60 ஹேர்ட்ஸில் ஓட வேண்டும். அது 59.4க்குக் கீழே போய் ஒன்பது நிமிடம் அங்கேயே நின்றால் மிச்ச இயந்திரங்களும் தாமாகவே கழன்றுகொள்ளும். மாநிலமே இருண்டுபோக 4 நிமிடமும் 37 விநாடியும் மிச்சமிருந்தது என்று பின்னர் அதன் நிர்வாகத் தலைவரே சொன்னார். அதைத் தடுக்க வீடுகளின் மின்சாரத்தை வெட்டினார்கள். 45 லட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகளும் கடைகளும் இருண்டன.

திங்கட்கிழமை பின்னேரம் அனுப்பிய செய்திக்கு ஒற்றை டிக்தான். செவ்வாய்க்கிழமையும் ஒற்றை டிக். அந்தச் செவ்வாய் காலை ஹியூஸ்டனில் மறை 10 பாகைக்கும் கீழே. எங்களிடம் எல்லாத் தகவலும் இருந்தது. அவளுடைய கூரைக்கு மேலே காற்று எந்தப் பக்கமிருந்து வீசுகிறது, எத்தனை மணிக்குப் பூச்சியத்தைத் தாண்டும் என்பது வரை. அவள் உயிரோடு இருக்கிறாளா என்பது மட்டும் தெரியாது. அன்று இடைவேளையில் யாரும் படத்தைத் திறக்கவில்லை. ராத்தா மத்தியானம் பாடசாலை வாசலுக்கே வந்துவிட்டா. "நீங்கதானே எல்லாம் பார்க்கிற ஆக்கள், பார்த்துச் சொல்லுங்க" என்றா.

புதன் சுபஹுக்குப் பிறகு இரண்டு டிக் விழுந்தது. அல்ஹம்துலில்லாஹ். பெற்றியை மிச்சம் பிடிக்க ஃபோனை அணைத்து வைத்திருந்தாளாம். நான்கு பேரும் ஒரே அறையில், கதவிடுக்கில் துவாய் அடைத்து, ஒரே மெத்தையில். மருமகன் ஒரு கட்டத்தில் கரியடுப்பைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்திருக்கிறார். இவள் அந்தக் குரல் பதிவைப் போட்டுக் காட்டினாளாம். காரைத் தெருவில் எடுத்து நிறுத்தி அதில்தான் பிள்ளைகளைச் சூடாக்கினார்கள். தண்ணீர்க் குழாய் வெடித்துச் சமையலறை முகடு இடிந்து விழுந்தது. அதைச் சொல்லும்போது அவள் சிரித்தாள்.

அந்த மாநிலத்தின் கணக்குப்படி 246 பேர் இறந்தார்கள். மூன்றில் இரண்டு பங்கு குளிரினாலேயே, பலர் தங்கள் வீட்டுக்குள்ளேயே. காபனோரொட்சைட்டினால் இறந்தவர்களும் உண்டு.

வகுப்பில் இதைச் சொன்னபோது ஒரு பிள்ளை கேட்டாள்: "சேர், ஆறு நாளைக்கு முன்னுக்கே நீங்க இங்க இருந்து கண்டிருக்கீங்க. அங்க உள்ளவங்க ஏன் செத்தாங்க?"

பாடத்திட்டத்தில் இதற்கு இடமில்லை, ஆனாலும் ஒரு பாடவேளை முழுதும் அதற்கே போனது. டெக்சாஸின் பெரும்பகுதி தனி வலையமைப்பு. பக்கத்து மாநிலங்களிடமிருந்து பெரிதாகக் கடன் வாங்க முடியாது. 2011 பெப்ரவரியிலும் குளிர் வந்து இதேபோல் நிலையங்கள் உறைந்தன. குளிருக்குத் தயார்ப்படுத்துங்கள் என்று அதன் பின் அறிக்கையும் எழுதினார்கள். கட்டாயமாக்கவில்லை. அதே மாநிலத்தின் மேற்கு மூலையில் எல் பாசோ நகரம் அந்த வலையமைப்புக்கு வெளியே இருக்கிறது. 2011க்குப் பிறகு அவர்கள் காசு செலவழித்துத் தங்கள் நிலையங்களைத் தயார்ப்படுத்தினார்கள். பத்து வருடம் கழித்து அதே குளிர் வந்தபோது அங்கே பெரும்பாலான வீடுகளில் விளக்கு எரிந்தது. டெக்சாஸ் மீதிக்குச் சட்டம் வந்தது 2021 ஜூனில்.

"அப்ப மாதிரி பிழைக்கல்ல" என்றாள். இல்லை, பிழைக்கவில்லை.

நாங்கள் இன்னும் பார்க்கிறோம். வீனிகள் வரைபடத்தில் ஊதா நிறத்தைக் கண்டு துள்ளுவதைக் கண்டால் எங்களுக்கும் கை பரபரக்கிறது, மறுக்கவில்லை. உலகத்தில் எங்கோ ஒரு கிளார்க் நள்ளிரவில் டோர்ச் அடித்து, வெள்ளை பூசிய பலகையில் பனியை அளந்து எழுதுகிறான் என்பதில் ஒரு சந்தோஷம் இருக்கத்தான் செய்கிறது. ராத்தாவுக்கு மட்டும் படம் காட்டுவதில்லை.

கேள்வி கேட்ட பிள்ளை பிறகு பல்கலைக்கழகம் போய்விட்டாள். 2025 பெப்ரவரி 9, ஞாயிறு, பாணந்துறை உப மின் நிலையத்துக்குள் குரங்கு புகுந்து நாடு முழுக்கக் கரண்ட் போனது ஞாபகம் இருக்கும். அன்று அவளிடமிருந்து ஒரு வரி வந்தது: "சேர், எத்தினை ஹேர்ட்ஸுக்கு இறங்கினது?"

நாங்கள் பதில் எழுதி முடிக்க முன்பு எங்கள் பக்கத்து டவரும் போய்விட்டது. ஒற்றை டிக்.