கிணத்தை விட்டுட்டுக் குடி போனோம்

பட்டணத்துல வீடு மாத்துறதுன்னா என்னன்னு எனக்குத் தெரியும். என் தம்பி சென்னையில அஞ்சு வீடு மாறிட்டான். ஆளுங்க அட்டைப்பெட்டியோட வர்றாங்க, எல்லாத்தையும் கட்டி ஏத்துறாங்க, சாயங்காலம் புது வீட்டுல டிவி ஓடுது. விவசாயக் குடும்பம் வீடு மாறுறது அப்படி இல்லைங்க. மாடு, கோழி, வைக்கோல் போர், விதைச் சட்டி, கலப்பை எல்லாம் சேர்ந்ததுதான் வீடு. ஒரே நாள்ல அதைத் தூக்கவே முடியாது. எங்களுக்கு ஒரு மாசத்துக்கு மேலயே ஆச்சு.

எங்க ஊர் ஆம்பூருக்கும் வாணியம்பாடிக்கும் நடுவுல, பாலாத்துக்குக் கிட்ட. போன இடம் ஆலங்காயம் பக்கம், ஜவ்வாது மலை அடிவாரம். ரெண்டும் ஒரே திருப்பத்தூர் மாவட்டம்தான். இருபது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல இருக்கும். இவ்வளவு கிட்டக்க எதுக்குக் குடி போகணும்னு கேப்பீங்க. தண்ணிக்காகத்தான்.

தாத்தா காலத்துல எங்க கிணத்துத் தண்ணி இளநி மாதிரி இருக்கும்னு அம்மா சொல்லுவாங்க. அந்தத் தண்ணியில நெல்லு, கரும்பு, வாழை எல்லாம் விளைஞ்சிருக்கு. இப்ப சோப்பு போட்டா நுரை வராது, துவரம்பருப்பு போட்டா வேகாது. தென்னைக்குக் குருத்து சிறுத்து, காய் எலுமிச்சை அளவுல உதிருது. மோட்டார் போட்டுப் பாய்ச்சினா, காஞ்ச பிறகு மண்ணு மேல வெள்ளையாப் பூத்து நிக்கும்.

காரணம் எங்க பக்கத்துல சின்னப் பசங்களுக்கும் தெரியும். பச்சைத் தோல் அழுகாம இருக்க உப்புல போட்டு வைப்பாங்க. டேனரிக்கு வந்ததும் முதல் வேலை அந்த உப்பை ஊறவெச்சுக் கழுவுறது. அப்புறம் முடி எடுக்க சுண்ணாம்பு. அந்தக் காலத்துல ஆவாரம்பட்டை, கடுக்காய் போட்டு வாரக்கணக்குல ஊறவெச்சுப் பதப்படுத்தினாங்க. பின்னால குரோமியம் வந்துச்சு, வேலை சில நாள்ல முடிஞ்சுது. ஒரு கிலோ தோலுக்கு சுமார் 35 லிட்டர் தண்ணி செலவாகும்னு உச்ச நீதிமன்றத் தீர்ப்புலயே எழுதியிருக்கு. அந்தத் தண்ணி பல வருஷம் ஓடை வழியா ஆத்துக்கும் மண்ணுக்கும்தான் போச்சு. சுத்திகரிப்பு நிலையம் பிறகு வந்துச்சு. ஆனா மத்த அழுக்கைப் பிரிக்கிற மாதிரி உப்பைச் சுலபமாப் பிரிக்க முடியாது. இறங்கின உப்பு இறங்கினதுதான்.

1991ல வேலூர் குடிமக்கள் நல மன்றம் போட்ட வழக்குல 1996 ஆகஸ்ட் 28ந் தேதி நீதிபதி குல்தீப் சிங் அமர்வு தீர்ப்பு சொல்லிச்சு. மாசுபடுத்தினவனே நஷ்டத்தைக் கட்டணும்னு அதுல தெளிவா இருக்கு. தோல் தொழில் நடக்கிற பகுதியில கிட்டத்தட்ட 35,000 ஹெக்டேர் விவசாய நிலம் பாதியோ முழுசோ பயிருக்கு உதவாமப் போச்சுங்கிற வேளாண்மைப் பல்கலைக்கழக ஆய்வையும் அந்தத் தீர்ப்பு சொல்லுது. 2001ல 29,193 பேருக்கு சுமார் 26 கோடியே 82 லட்சம்னு இழப்பீடு கணக்கு போட்டாங்க. வகுத்துப் பாருங்க, தலைக்குப் பத்தாயிரம் கூட வராது. அந்தக் காசுல புதுக் கிணறு வெட்ட முடியாது, பழைய கிணத்தைத் தூர் வாரவும் பத்தாது.

சரி, குடி போன கதைக்கு வர்றேன். ஆடியிலயும் மார்கழியிலயும் எங்க பக்கம் வீடு மாற மாட்டாங்க. 2025 தையில நாள் பார்த்தோம். ஆனா வேலையைக் கார்த்திகையிலயே ஆரம்பிச்சாச்சு.

முதல்ல போனது மனுஷங்க இல்லை, வைக்கோல். மாடு போய் நிக்கும்போது அதுக்குப் பழகின தீனி அங்க இருக்கணும். மழை விட்ட நாளாப் பார்த்து ரெண்டு டிராக்டர் லோடு ஏத்திட்டுப் போய், மேடான இடத்துல போர் போட்டோம். அடுத்தது விதை. கேழ்வரகு, சாமை, அவரை, பீர்க்கு எல்லாத்தையும் சாம்பல் கலந்து சட்டியில கட்டி, அம்மா மடியிலயே வெச்சு எடுத்துட்டுப் போனாங்க. லாரியில ஏத்த விடலை.

கோழியைப் பகல்ல பிடிக்கவே கூடாது. ராத்திரி கூண்டுல அடைஞ்ச பிறகு கூண்டோட தூக்கி, குட்டி யானையில ஏத்தி, அங்க போயும் மூணு நாள் வெளிய விடாம வெச்சிருந்தா அந்த இடம் பழகிடும். அம்மி, ஆட்டுக்கல் ரெண்டும் வந்துச்சு. மண்ணுக் குதிர் வரலை, அசைச்சா விரிசல் விட்டுடும். இலவச மின்சார சர்வீஸ் பழைய நிலத்தோடயே இருக்கு. அதை மாத்த தனியா மனு போடணும். ரேஷன் கார்டு, கேஸ், வங்கி முகவரி எல்லாத்துக்கும் ஒரு நோட்டுல வரிசையா எழுதி ஒவ்வொண்ணா அடிச்சேன். பொண்ணு பத்தாவது படிக்கிறா. பரீட்சை முடியிற வரைக்கும் ஆம்பூர்ல பெரியம்மா வீட்டுலயே இருந்துக்கட்டும்னு விட்டாச்சு.

குலதெய்வக் கோயில்ல பிடிமண் எடுத்துக்கிட்டோம். புது வீட்டுக்குள்ள முதல்ல உப்பு, மஞ்சள், நிறைகுடம் போகணும் இல்லையா. உப்பைக் கையில எடுத்த அம்மா சிரிச்சுட்டாங்க. "இன்னாடா இது, எந்த உப்புக்குப் பயந்து ஓடியாறோமோ அதையே முன்னால தூக்கிட்டுப் போறோம்"னாங்க. ஆனா சாஸ்திரத்தை விடலை. பால் காய்ச்சினோம்.

அன்னைக்கு சாயங்காலம் மாட்டுக்குத் தண்ணி காட்டினா, மோந்து பாத்துட்டுத் தலையைத் திருப்பிக்கிச்சு. ரெண்டு மாடும் அப்படியே. பிறந்ததுல இருந்து உப்புத் தண்ணி குடிச்ச ஜீவன், நல்ல தண்ணியைத் தண்ணின்னே ஒத்துக்கலை. அம்மா ஒரு கைப்பிடி கல்லுப்பைத் தொட்டியில போட்டுக் கலக்கினாங்க. குடிச்சுது. நாளுக்கு நாள் உப்பைக் குறைச்சு, பத்து நாள்ல பழக்கிட்டோம்.

இதுல இன்னொரு பக்கமும் இருக்கு. அதைச் சொல்லாம விட்டா நியாயம் இல்லை. புது இடம் ஒண்ணரை ஏக்கர். வாங்கின காசுல பெரும்பங்கு என் சம்சாரம் சம்பாதிச்சது. பதினோரு வருஷம் ஷூ கம்பெனியில அப்பர் தைக்கிறா. எங்க ஊர்ல பாதி வீட்டுப் பொம்பளைங்க காலையில கம்பெனி பஸ்ல ஏறித்தான் போறாங்க. கிணத்தைக் கெடுத்ததும் தோல்தான், புதுக் கிணத்தை வாங்கிக் கொடுத்ததும் தோல்தான். டேனரியை மூடுங்கன்னு யாராச்சும் கோஷம் போட்டா எங்க வீட்டுலயே ரெண்டு கட்சி ஆயிடும். இப்ப அந்தக் கம்பெனி பஸ் மலை அடிவாரம் வரைக்கும் வர்றதில்லை. அவ நாலரைக்கு எழுந்து, டவுன் பஸ் பிடிச்சு, மாறிப் போறா. இந்த மாத்தத்துல அதிகம் கொடுத்தது அவதான்.

நாங்க குடி போன அதே தை மாசம், ஜனவரி 30ந் தேதி, உச்ச நீதிமன்றத்துல இருந்து மறுபடியும் தீர்ப்பு. பாதிக்கப்பட்டவங்களுக்கு இழப்பீடு முழுசாப் போய்ச் சேரணும், அதை மாசுபடுத்தினவங்ககிட்ட வசூலிக்கணும், ஓய்வு பெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி தலைமையில குழு அமைக்கணும்னு நீதிபதிகள் பர்திவாலாவும் மகாதேவனும் சொல்லியிருக்காங்க. பேப்பர்ல வந்ததை அம்மாவுக்குப் படிச்சுக் காட்டினேன். பழைய நிலத்தை விக்கக் கூடாதுன்னு சொல்லிட்டாங்க. மனையா கேக்குறவங்க இருக்காங்க. ஆனா பட்டா நம்ம பேர்ல இருந்தாத்தான் கெட்டுப் போன நிலம்னு காட்டிக் கேக்க ஒரு ஆள் மிஞ்சுவான்னு அவங்க கணக்கு. எனக்கும் அது சரியாத்தான் படுது.

பட்டணத்துல இருந்து வந்து கிராமத்துல நிலம் வாங்கணும்னு உங்கள்ல நிறையப் பேருக்கு ஆசை இருக்கும். ஐப்பசி மழையில வந்து பச்சைப்பசேல்னு பார்த்துட்டு அட்வான்ஸ் கொடுத்துடாதீங்க. சித்திரை வெயில்ல கிணறு வத்திக் கிடக்கும்போது வாங்க, உப்பு அப்பத்தான் நாக்குல தெரியும். தண்ணியை மண் பரிசோதனை நிலையத்துல கொடுத்துப் பாருங்க. பக்கத்து வீட்டுல பருப்பு எவ்வளவு நேரத்துல வேகுதுன்னு கேளுங்க. தென்னையோட குருத்தை அண்ணாந்து பாருங்க. பத்திரத்தை வக்கீல் பார்த்துக்குவார். தண்ணியை நீங்கதான் பார்க்கணும்.