பாராசாரியும் பந்தய ஊர்தியும்

செஞ்சியிலே பிறந்தவர்க்கு விரைவு என்றவுடன் நினைவில் எழுவது குதிரையேயாகும். தேசிங்குராசன் கதைப்பாடலில் வரும் பாராசாரியையும், மணப்பந்தலினின்றும் எழுந்து நண்பனுக்காகப் போர்க்களம் புகுந்த மகபத்கானின் நீலவேணியையும் பாட்டனார் வாய்மொழியாகக் கேட்டு வளர்ந்தோம் யாம். குதிரைகள் பாய்ந்த பாய்ச்சலை அவர் விரித்துரைப்பார். 1714-இல் அப்போரிலே தேசிங்கு வீழ்ந்ததை மட்டும் மெல்லக் கடந்துவிடுவார்.

2004-ஆம் ஆண்டு ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்ஆத் தொழுகை முடித்துத் திண்டிவனம் சாலையில் இருசக்கர வண்டியில் விரைந்த எம் தம்பி வீடு திரும்பவில்லை. தலைக்கவசம் அணிந்திருக்கவில்லை. அன்றுமுதல் விரைவு என்னும் சொல்லே எமக்குக் கசந்தது.

ஆகவே, சென்ற கல்வியாண்டில் எம் மாணவர் ஒருவர், அறிவியல் தமிழ்க் கட்டுரைக்குப் ‘பந்தய ஊர்தியின் வடிவமைப்பும் வளர்ச்சியும்’ என்னும் பொருளைக் கொண்டுவந்தபோது, வேறு பொருள் தேடுமாறு சற்றுக் கடுமையாகவே கூறிவிட்டோம். “ஐயா, ஒருமுறை படித்துப் பாருங்கள், பிறகு தாங்கள் சொல்வதைச் செய்கிறேன்” என்றார் அவர். அன்றிரவு இஷாவுக்குப் பின் வேண்டாவெறுப்பாகத்தான் அத்தாள்களைப் புரட்டினோம்.

1950-இல் ஃபார்முலா ஒன் உலக வாகையர் போட்டி தொடங்கியபோது ஊர்திகள் பெரும்பாலும் நீண்ட மூக்குடையன. இயந்திரம் முன்னே, ஓட்டுநர் பின்னே. இருக்கைப் பட்டை கிடையாது. தீயில் சிக்குவதினும் தூக்கியெறியப்படுதல் நன்று எனக் கருதிய காலம் அது! பின்னர் கூப்பர் நிறுவனத்தார் இயந்திரத்தை ஓட்டுநரின் பின்னால் வைத்தனர். இயந்திரத்தின் ஆற்றலைப் பின்சக்கரங்களுக்குக் கொண்டுசெல்லும் நெடுந்தண்டு தேவையற்றுப்போகவே, ஊர்தி தாழ்ந்தது, எடை குறைந்தது. 1959-இல் ஜாக் பிராபம் அவ்வூர்தியிலேயே வாகை சூடினார். 1962-இல் லோட்டஸ் நிறுவனத்தின் காலின் சாப்மன், குழாய்ச் சட்டகத்தை நீக்கி, நண்டின் ஓடு போல உடலே தாங்கியாய் அமையும் கூட்டினை வகுத்தார். 1968-இல் இறக்கைகள் வந்தன. வானூர்தியின் இறக்கை மேலே தூக்கும். தலைகீழாய்ப் பொருத்திய இவ்விறக்கையோ ஊர்தியைத் தரையோடு அழுத்தும். வளைவில் சக்கரம் வழுக்காதிருத்தற்கு இதுவே சூழ்ச்சி. அடுத்த பத்தாண்டுகளுக்குள் ஊர்தியின் அடிப்பகுதியையே அத்தொழிலுக்கு ஏற்ப வடித்துவிட்டனர். 1983-இல் விதியால் விலக்கப்பட்ட அம்முறை 2022-இல் மீண்டும் இடம்பெற்றது.

எமக்குத் தூக்கம் கலைந்த இடம் இதற்குப் பின்னேதான். 1981-இல் மெக்லாரன் நிறுவனம் கரியிழையாலான கூட்டினை அறிமுகப்படுத்தியது. அதே ஆண்டு மோன்சாத் தடத்தில் ஜான் வாட்சனின் ஊர்தி மோதி இரண்டாய்ப் பிளந்தது. அவரோ நடந்து வெளியே வந்தார். 1994-இல் இமோலாவில் அயர்டன் சென்னா மாண்டபின் விதிகள் மேலும் இறுகின. 2018-முதல் ஓட்டுநரின் தலைக்குமேல் டைட்டானிய வளைவு கட்டாயமாயிற்று. அழகு கெட்டதென்று பலர் முணுமுணுத்தனர். 2020-இல் பஹ்ரைனில் ரொமெய்ன் குரோஜானின் ஊர்தி தடுப்பைத் துளைத்து இரண்டாய் முறிந்து தீப்பற்றியபோது, ஏறத்தாழ 28 நொடிகள் நெருப்பினுள் இருந்து, கைகளில் தீக்காயங்களோடு அவர் உயிர்மீண்டார். உடைய வேண்டியவை உடைந்தன; காக்க வேண்டிய கூடு உடையவில்லை. அவ்வாறே உடையுமாறுதான் அதை வகுத்திருந்தனர். இந்த வரியை மும்முறை படித்தோம்.

கட்டுரையின் பிற்பகுதி நம் நாட்டுச் செய்தி. போர்க்கால வானூர்தி ஓடுபாதையாயிருந்த சோழவரத்தில் பந்தயங்கள் நடந்ததையும், பின்னர் அவை இருங்காட்டுக்கோட்டைத் தடத்திற்கு மாறியதையும் மாணவர் எழுதியிருந்தார். கோவை சு. கரிவரதன், இறக்குமதிக்கு வழியற்ற நம் இளைஞர்க்காக, 1988-இல் மாருதி 800 சிற்றுந்தின் 796 கன செ.மீ. இயந்திரத்தையே கொண்டு ‘ஃபார்முலா மாருதி’ எனும் ஒற்றை இருக்கை ஊர்தியை உருவாக்கினார். வீதியில் பால் வாங்கப் போகும் வண்டியின் இயந்திரம் அது! அவ்வூர்தியில் பழகியவருள் ஒருவரான நரேன் கார்த்திகேயன், 2005-இல் ஃபார்முலா ஒன்னில் களமிறங்கிய முதல் இந்தியரானார். அதைக் காணக் கரிவரதன் இல்லை. 1995-இல் வான்பயண விபத்தில் மறைந்துவிட்டார். கோவையை அடுத்த செட்டிப்பாளையத்துப் பந்தயத்தடம் இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

மறுநாள் மாணவரை அழைத்து, பொருள் அதுவே இருக்கட்டும் என்றோம். கலைச்சொற்களில் மட்டும் எமக்கு வழக்கு இருந்தது. ‘ஹாலோ’ என்பதை அவர் ‘ஒளிவட்டம்’ என்று பெயர்த்திருந்தார். அது ஞானியர் தலைக்கு உரியது; இதனைக் ‘காப்பு வளைவு’ என்க என்று திருத்தினோம். அவருக்கு முழு உடன்பாடில்லை, ஆயினும் எழுதிக்கொண்டார்.

செப்பனிட்ட கட்டுரையை ஒப்படைக்க இருசக்கர வண்டியில் எம் இல்லத்திற்கே வந்திருந்தார். தலைக்கவசம் எங்கே என்று வினவினோம். கைப்பிடியில் தொங்கியதைக் காட்டினார். அதை அணிந்து, கழுத்துப் பட்டையையும் மாட்டிப் புறப்படும்வரை வாயிலிலேயே நின்றிருந்தோம்.