மயிலாப்பூர்ச் சமையல், திருவல்லிக்கேணி நோன்பு

ராதாகிருஷ்ணன் சாலையை எங்கள் வீட்டுப் பெரியவர்கள் கடைசிவரை எட்வர்ட் எலியட்ஸ் ரோடு என்றுதான் சொன்னார்கள். அந்தச் சாலையில் உட்லண்ட்ஸ் ஓட்டலைத் தெரியாதவர் இல்லை. அங்கேயே இருக்கும் சூஃபிதார் என்ற வழிபாட்டுக் கூடத்தைத் தெரிந்தவர் குறைவு. 'சேட்டுங்க கோயில்' என்பதோடு எங்கள் தெருவின் அறிவு முடிந்துவிடும். உள்ளே போனால் ராமர், கிருஷ்ணரோடு இயேசுவும் குருநானக்கும் சூஃபி ஞானிகளும் இருப்பார்கள். கபாலி கோயிலிலும் சாந்தோமிலும் தனித்தனியே கும்பிட்டுப் பழகிய பையனுக்கு எல்லாரையும் ஒரே கூடத்தில் பார்த்தது பெரிய ஆச்சரியம்.

ரமலான் வந்துவிட்டால் அங்கே காலையிலேயே அடுப்பு மூட்டிவிடுவார்கள். முழுக்கச் சைவச் சமையல். காய்கறி பிரியாணி, ஊறுகாய், இனிப்பு, பேரீச்சை, வாழைப்பழம், ரோஸ் மில்க், குங்குமப்பூ போட்ட பால் என்று நாளுக்கு நாள் மாறும். பிற்பகலில் அண்டாக்கள் வண்டியேறி, பெரிய மசூதி என்று ஊர் சொல்லும் திருவல்லிக்கேணி வாலாஜா பள்ளிவாசலுக்குப் போகும். நோன்பு திறக்க வருகிற 1,000 பேருக்கும் மேல், மாதம் முழுக்க, தினமும் பரிமாறுவார்கள். பரிமாறுகிறவர்களில் பெரும்பாலோர் இந்துக்கள். வியாபாரிகள், ஆபீஸ் போகிறவர்கள். பள்ளிவாசலுக்குள் போகும்போது அவர்களும் தலையில் தொப்பி வைத்துக்கொள்வார்கள். சுமார் நாற்பது ஆண்டுகளாக நடக்கிற சேவை இது.

சூஃபிதாரை உண்டாக்கிய தாதா ரத்தன்சந்த், 1947 பிரிவினையில் சிந்துவை விட்டு வந்தவர். பஞ்சாபும் வங்காளமும் இரண்டாகப் பிளந்தன. சிந்து முழுசாகவே பாகிஸ்தானுக்குப் போனது. சிந்தி இந்துக்களுக்குத் தங்கள் மண்ணென்று சொல்ல இந்தப் பக்கம் ஒரு ஜில்லாகூட மிஞ்சவில்லை. வீடு வாசல், கடை கண்ணி எல்லாம் போய் அகதியாக வந்தவர் மனத்தில் வன்மம் இருந்திருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அவரோ தம் குரு ஷாஹன்ஷா பாபா நெப்ராஜின் சூஃபி வழியை இங்கே கொண்டுவந்தார். சூஃபிக் கவிஞர் ஷா அப்துல் லத்தீஃபின் பாட்டை இந்துவும் முஸ்லிமும் சேர்ந்து பாடிய மண் சிந்து. அங்கே உதேரோலாலில் இரு மதத்தாரும் ஒரே தலத்தில் இன்றும் வழிபடுகிறார்கள்.

நம் ஊரும் எப்போதும் அமைதியாக இருந்துவிடவில்லை. 1990-இல் விநாயகர் ஊர்வலத்தின்போது திருவல்லிக்கேணி ஐஸ் ஹவுஸ் மசூதியருகே கலவரம் மூண்டது. அதற்குப் பின் ஒவ்வொரு சதுர்த்திக்கும் அந்தத் தெருக்களில் போலீஸ் குவிவதைப் பார்த்தே வளர்ந்தோம். 1992 டிசம்பரில் பாபர் மசூதி இடிபட்டது; 1993 ஆகஸ்டில் சேத்துப்பட்டு ஆர்.எஸ்.எஸ். அலுவலகத்தில் குண்டு வெடித்தது. யார் எந்தத் தெருவில் குடியிருக்கலாம் என்று சாதாரண ஆட்களே தணிந்த குரலில் பேசிய காலம். அமைதிக் குழு என்று கலெக்டர் ஆபீஸில் நாற்காலி போட்டு நடக்கும் கூட்டங்களை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் அடுத்த மதத்தார் சமைத்ததை நம்பி வாயில் வைக்கிற பழக்கம் ஒரு ஊரில் வருஷக்கணக்காக ஓடிக்கொண்டிருந்தால், வதந்தி அங்கே அவ்வளவு சுலபமாக எடுபடாது என்று உறுதியாக நம்புகிறேன்.

வாலாஜா பள்ளிவாசலுக்கும் இப்படி இரு மதத்தார் கைகோப்பது புதிதில்லை. 1795-இல் கருங்கல்லில் எழுந்தபோது, கட்டிய ஆண்டைக் குறிக்கும் பாரசீகச் செய்யுளை எழுதித் தந்தவர் ஆற்காடு நவாபின் முன்ஷி மக்கன்லால் என்கிற இந்து. அது இன்னும் உள்ளே கல்லில் பொறிக்கப்பட்டிருக்கிறது.

தாதா இன்று இல்லை. சிந்துவைக் கண்ணால் பார்க்காத தலைமுறை இப்போது பந்தியில் நடக்கிறது. வரிசையில் உட்கார்ந்திருக்கும் பெரியவரிடம் குனிந்து, நல்ல மயிலாப்பூர்த் தமிழில், "பாய், இன்னும் கொஞ்சம் பால் ஊத்தட்டுமா?" என்று கேட்கிறார்கள்.