டி.பி வார்டில் கிடைத்த மனச்சோர்வு மருந்து!

நியூயார்க்கின் ஸ்டேட்டன் தீவில் இருந்த சீ வியூ மருத்துவமனை, காசநோயாளிகளுக்கானது. 1952-ல் அங்கே ஓர் ஆச்சர்யம் நடந்தது. படுத்த படுக்கையாகக் கிடந்தவர்கள் எழுந்து நடந்தார்கள். இன்னும் சாப்பாடு வேண்டும் என்று கேட்டார்கள். வார்டில் நோயாளிகள் நடனமாடும் புகைப்படங்கள் பத்திரிகைகளில் வெளியாகின.

காரணம், சோதனை முயற்சியாகக் கொடுக்கப்பட்ட ஐசோனியசிட், இப்ரோனியசிட் என்ற இரண்டு மருந்துகள். இரண்டுமே ஹைட்ரசின் என்ற வேதிப்பொருளின் வழிவந்தவை. இரண்டாம் உலகப்போரில் ஜெர்மனி தன் ராக்கெட் விமானத்தின் எரிபொருளில் கலந்ததும் இதே ஹைட்ரசினைத்தான்!

ஐசோனியசிட்டுடன் மூன்று கார்பன் அணுக்கள் கொண்ட ஒரு சிறு கிளையைச் சேர்த்தால், அது இப்ரோனியசிட். அந்தச் சின்ன மாற்றம்தான் கதையையே திருப்பியது. ஐசோனியசிட் இன்றுவரை காசநோய்க்கு முக்கிய மருந்து. இப்ரோனியசிட்டோ நோயாளிகளை அளவுக்கு மீறி உற்சாகப்படுத்தியது. அதைப் பக்கவிளைவு என்றே பலரும் ஒதுக்கினார்கள்.

உற்சாகம் எங்கிருந்து வந்தது? செரட்டோனின், நார்அட்ரினலின் போன்ற ரசாயனங்கள் மூளை செல்களுக்கு இடையே தகவல் கடத்துபவை. அவற்றைச் சிதைப்பது மோனோஅமைன் ஆக்சிடேஸ் என்ற என்சைம். இப்ரோனியசிட் அந்த என்சைமைத் தடுக்கிறது என்பதை அதே 1952-ல் எர்ன்ஸ்ட் ஆல்பர்ட் செல்லர் குழு கண்டறிந்தது.

பக்கவிளைவையே சிகிச்சையாக மாற்றியவர்களில் முக்கியமானவர் மனநல மருத்துவர் நேதன் க்ளைன். மனச்சோர்வு உள்ளவர்களுக்கு இந்த மருந்து பலன் தருகிறது என்று 1957-ல் அவர் குழு அறிவித்தது. காசநோய் மருந்தாக ஏற்கெனவே விற்பனையில் இருந்ததால், மருத்துவர்கள் உடனே எழுதித்தர ஆரம்பித்தார்கள்.

கொண்டாட்டம் நீடிக்கவில்லை. சிலருக்குக் கல்லீரல் பாதிக்கப்பட்டது. 1961-ல் அமெரிக்கச் சந்தையிலிருந்து மருந்து திரும்பப் பெறப்பட்டது.

ஆனால், அது திறந்துவைத்த கதவு மூடவில்லை. மனச்சோர்வுக்கும் மாத்திரை உண்டு என்ற நம்பிக்கை அங்கிருந்துதான் வலுப்பெற்றது. செரட்டோனின் குறைவு மட்டுமே காரணம் என்று இன்றைய ஆய்வாளர்கள் சொல்வதில்லை. மரபு, வாழ்க்கைச் சூழல் எல்லாம் சேர்ந்ததுதான் இந்த நோய். ஆனாலும் ஒன்று உறுதி. இது சோம்பேறித்தனமோ, மனஉறுதி இல்லாமையோ அல்ல.

காசநோயாளியிடம், `மனசைத் தேத்திக்கோ, இருமல் நின்னுடும்' என்று யாரும் சொல்வதில்லை. மனச்சோர்வில் இருப்பவரிடம் மட்டும் ஏன் சொல்கிறோம்? `எதிலும் பிடிப்பே இல்லை' என்று வீட்டில் ஒருவர் சொன்னால், அறிவுரையை நிறுத்திவிட்டு டாக்டரிடம் அழைத்துப் போங்கள். மாத்திரை பலன் தர சில வாரங்கள் ஆகலாம்; டாக்டரைக் கேட்காமல் பாதியில் நிறுத்த விடாதீர்கள்.